பொறியின் செப்பும் வினாவும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



2015ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் 'விண்டோஸ் 10' என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. பழையதை நீக்கிப் புதியதைத் தம் கணிப்பொறியில் ஏற்ற முனைந்தோர் சிலருடைய திரையில் ஒரு சிறு சாளரம் தோன்றிற்று. அதன் தலைப்பில் 'ஏதோ நிகழ்ந்தது' என்றிருந்தது. தலைப்பின்கீழ் விளக்கம் இருக்கவேண்டிய இடத்திலும் 'ஏதோ நிகழ்ந்தது' என்றே இருந்தது. வேறொன்றும் இல்லை. புதுக்கவிதைத் தொகுப்பு ஒன்றில் இவ்விரண்டு வரிகளும் அச்சாகியிருந்தால் அதற்கு உரை வகுப்போரும் கிடைத்திருப்பர். ஆனால் அதனைக் கண்டவர் கவிதை வேண்டி அங்கே அமர்ந்திருக்கவில்லை. தம் ஏடுகளும் கணக்குகளும் படங்களும் அடங்கிய பொறி பிழைத்ததா இல்லையா என்று அறிய அமர்ந்திருந்தனர்.

இச்செய்தியில் பொய் இல்லை. ஏதோ நிகழ்ந்தது மெய்தான். அதனால் யாரும் எதனையும் அறிந்துகொள்ளவும் இல்லை. பொய்யும் இல்லாமல் அறிவுறுத்தலும் இல்லாமல் நிற்கும் இத்தகைய கூற்றை என்னவென்று பெயரிட்டு அழைப்பது என்பது கணிப்பொறி வல்லாரைக் காட்டிலும் சொல்லை ஆள்வோர்க்கே உரிய வினாவாகும்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம் திணை, பால், இடம், காலம் ஆகியவற்றின் வழுவோடு செப்பு, வினா, மரபு ஆகியவற்றின் வழுவையும் சேர்த்தே ஆராய்கிறது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் இயைபு இருந்தால் மட்டும் போதாது, வினவப்பட்டதற்கும் விடையிறுக்கப்பட்டதற்கும் இடையிலும் இயைபு இருத்தல் வேண்டும் என்று கண்ட நுண்மை வியக்கத்தக்கது. பின்வந்த பவணந்தியார் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்தார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேராகச் சென்று தைக்கும் விடைகள். அவை செவ்வன் இறை. ஏவல், எதிர்வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் விடையைக் குறிப்பால் பயப்பன. உண்ணாயோ என்பார்க்கு வயிறு குத்திற்று என்றால் உண்ணேன் என்பது பெறப்படும்.

மாந்தர் இருவர் எதிரெதிர் நின்று உரையாடும்போது இக்குறிப்பு விடைகள் ஊறு செய்வதில்லை. முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, மீண்டும் கேட்கலாம். பொறியின் முன் அமர்ந்தவர்க்கு அவ்வசதி இல்லை. அது சொன்னதே சொன்னது. கொடுத்த பொத்தான்களே மறுமொழிக்கு உரிய சொற்கள். ஆகவே இயங்குதளங்களைப் புதுப்பிக்கும் கருவிகள் திரையில் இடும் வாசகங்களை இலக்கணக் கண்கொண்டு நோக்குதல் வீண் ஆராய்ச்சி ஆகாது.

விண்டோஸ் 10இன் வரலாற்றையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றை வைத்திருந்தோர்க்கு அது ஓராண்டுக்கு இலவசம் என அறிவிக்கப்பட்டது. அறிவிப்பைத் திரையின் மூலையில் கொண்டுவந்து நிறுத்தியது 'விண்டோஸ் 10ஐப் பெறுக' என்னும் சிறு செயலி. இது பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் அதே வழியில் கணிப்பொறிக்குள் வந்தது. நோய்த்தடுப்பு மருந்து கொண்டுவரும் செவிலியின் பையில் விளம்பரத் தாளும் வந்து சேர்ந்தது என்று கொள்ளலாம்.

2015இன் இறுதியில் அச்சாளரத்தில் இரண்டு பொத்தான்கள் காணப்பட்டன. ஒன்று 'இப்போதே மேம்படுத்துக'; மற்றொன்று 'இன்றிரவு மேம்படுத்துக'. வேண்டாம் என்பார்க்கு அங்கே பொத்தான் இல்லை. நன்னூலார் சொன்ன எட்டு விடைகளுள் 'மறை' என்னும் ஒன்று பிடுங்கப்பட்ட மொழி அது. மேலே வலப்புற மூலையில் சாளரத்தை மூடும் பெருக்கற்குறி ஒன்றே மறுப்போர்க்கு எஞ்சிய வாய்.

ஆறு வினாக்களுள் கொடை வினா என்பது ஒன்று. சாத்தனுக்கு ஆடை இல்லையோ என வினவுவது, ஆடை கொடுக்கும் கருத்தால். ஏவல் வினா என்பது மற்றொன்று. உண்டாயோ என வினவுவது, உண்ணுமாறு ஏவும் கருத்தால். விண்டோஸ் 10இன் அழைப்பு கொடை வினாவின் ஆடையை உடுத்து வந்த ஏவல் என்பதே பொருந்தும். கொடுப்பவர் பெறுபவரின் மறுப்பையும் ஏற்றால்தான் அது கொடை.

2016 பிப்ரவரியில் இம்மேம்படுத்தல் 'பரிந்துரைக்கப்படும் புதுப்பிப்பு' என்னும் வகைக்கு மாற்றப்பட்டது. அவ்வகையைத் தாமே ஏற்றுக்கொள்ளுமாறு முன்பே ஒழுங்கமைத்திருந்த பொறிகள், உரியவர் புதிதாக எதுவும் கேளாமலே அதனைக் கொணர்ந்து வைத்தன. அவ்வாண்டு மே மாதம் இன்னொரு படி நிகழ்ந்தது. இன்ன நாள் இன்ன பொழுதில் உங்கள் கணிப்பொறி மேம்படுத்தப்பட உள்ளது என ஓர் அறிவிப்பு வந்தது. அதனை விரும்பாதார் அதுகாறும் செய்துவந்ததையே செய்தனர், பெருக்கற்குறியை அழுத்தினர். ஆனால் இம்முறை அக்குறி மறுப்பு ஆகவில்லை. அறிவிப்பு மட்டும் மூடிக்கொண்டது. குறித்த பொழுது குறித்தபடியே நின்றது. நீக்குவதற்கான இணைப்பு சிறிய எழுத்தில் அச்சாளரத்திலேயே இருந்தது என்பதும் உண்மை.

வாசகத்தின் எழுத்து ஒன்றும் பொய்யில்லை. பொய் குறியில் இருந்தது. இருபது ஆண்டுகளாக அந்நிறுவனமே மக்களுக்குக் கற்பித்த மொழியில் மூலைப் பெருக்கற்குறிக்கு 'வேண்டாம், போ' என்பதே பொருள். சொல் வழக்காற்றால் பொருள் பெறுகிறது என்பது இலக்கணத்தின் அடிப்படை. வழக்காற்றை உண்டாக்கியவரே ஒரு நாள் காலையில், அறிவிக்காமல், அதன் பொருளை எதிர்மறையிலிருந்து உடன்பாட்டுக்குத் திருப்பினால் அதற்கு மரபு வழு என்பது மிக மென்மையான பெயர். 'இல்லை' என்று ஒருவர் சொன்னதை 'ஆம்' என்று எழுதிக்கொண்ட செயல் அது.

விளைவுகள் சிறியன அல்ல. கலிபோர்னியாவில் சிறு பயண முகமை நடத்திவந்த ஒரு பெண்மணி, தாம் இசையாமலே நடந்த மேம்படுத்தலால் பணிக்கணினி பயனற்றுப் போயிற்று என வழக்குத் தொடுத்து 10,000 டாலர் தீர்ப்புப் பெற்றார். நிறுவனம் தவற்றை ஒப்பவில்லை; மேல்முறையீட்டைத் தொடராமல் விட்டது. 2016 சூன் மாத இறுதியில் அறிவிப்பு மாற்றியமைக்கப்பட்டது. இலவச வாய்ப்பை மறுப்பதற்கென ஒரு தெளிவான வழி சேர்ந்தது. பெருக்கற்குறி பழைய பொருளைத் திரும்பப் பெற்றது. ஓராண்டுச் சலுகை முடிய ஏறத்தாழ ஒரு திங்களே எஞ்சியிருந்தபோது! அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனத்தின் விளம்பரத்துறைத் தலைவராக இருந்த கிறிஸ் கபோசெலா ஓர் ஒலிபரப்பு உரையாடலில், இதில் எல்லை கடந்துவிட்டோம் என வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவ்வொப்புதல் பாராட்டத்தக்கது, காலம் கடந்தது என்பதும் சொல்லத்தக்கது.

இது நோக்கத்தோடு செய்த வழு. நோக்கமின்றி நேரும் வழுக்கள் வேறு வகையின. துன்பம் மட்டும் குறைவதில்லை.

2024 சனவரி 9ஆம் நாள் விண்டோஸ் 10க்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. பொறி எழாமல் வீழ்ந்தால் அதனை மீட்டெடுப்பதற்கென வட்டில் ஒரு சிறு பகுதி தனியே ஒதுக்கப்பட்டிருக்கும். அங்கிருந்த ஓர் ஓட்டையை அடைக்க வந்த திருத்தம் அது. அடைப்பதற்கு அப்பகுதியில் 250 மெகாபைட் அளவுக்கு இடம் வேண்டியிருந்தது. பல பொறிகளில் அவ்விடம் இல்லை. அத்தகைய பொறி 'இடம் போதவில்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கென ஒரு பிழைக்குறியீடும் உள்ளே எழுதிவைக்கப்பட்டிருந்தது. திரையில் வந்ததோ 80070643 என முடியும் வேறொரு குறியீடு. அதன் பொருள் 'நிறுவல் தோல்வியுற்றது' என்பதே. பிழையைக் கையாளும் பகுதியிலேயே பிழை இருந்ததால் காரணம் மாறித் தோன்றுகிறது என நிறுவனம் பின்னர் விளக்கிற்று.

நிறுவல் ஏன் தோற்றது என்று கேட்டால் நிறுவல் தோற்றது என்பது விடை. உற்றது உரைத்தல் என்னும் விடைவகை இங்கே தன் இயல்பையே இழந்துவிட்டது. வயிறு குத்திற்று என்பதைக் கேட்டவர் உண்ணாமையை உய்த்துணர்வார். 'உண்ணவில்லை ஆதலால் உண்ணவில்லை' என்பதைக் கேட்டவர் எதனை உய்த்துணர்வார்? குறிப்பு மறைந்த இடத்தில் மக்கள் தாமே குறிப்புகளைக் கற்பித்துக்கொண்டனர். இணையத் தொடர்பைப் பழித்தனர், வட்டைத் துடைத்தனர், மீண்டும் மீண்டும் முயன்றனர். முதன்மை வட்டில் நூற்றுக்கணக்கான கிகாபைட் வெற்றிடம் இருக்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் இடம் போதாமையே காரணம் என்று எவர் ஊகிப்பார்? மீட்புப் பகுதியே இல்லாத சில பொறிகளுக்கும் அதே செய்தி வந்தது. அவற்றிற்கு அத்திருத்தமே வேண்டியதில்லை. வேண்டாததைப் பெறத் தவறியதற்காக அவை நாள்தோறும் தோல்வியை அறிவித்துக்கொண்டிருந்தன.

இதனினும் வியப்பு, 2025 ஏப்ரலில் இதே மீட்புப் பகுதிக்கு வந்த மற்றொரு திருத்தம். அதே எண், அதே தோல்விச் செய்தி. ஆனால் இம்முறை திருத்தம் பெரும்பாலும் வெற்றியாகவே முடிந்திருந்தது! செய்தி உண்மையன்று, அதனைப் பொருட்படுத்த வேண்டா என்று நிறுவனமே அறிவித்தது. முந்தைய ஆண்டு தோல்வியின் காரணத்தை மறைத்த சொல், அடுத்த ஆண்டு வெற்றியையே தோல்வி என்றது. ஒரே சொல்லை ஒருமுறை நம்பச் சொல்லி மறுமுறை நம்பாதிருக்கச் சொன்னால், மூன்றாம் முறை அச்சொல் வரும்போது படிப்பவர் என் செய்வார்?

ஏவல் விடைக்கு வருவோம். 'கணிப்பொறியை அணைக்க வேண்டாம்' என்பது புதுப்பிப்புக் கருவிகளின் ஏவல்களுள் எல்லாரும் அறிந்தது. காரணமுள்ள ஏவல்தான்; கோப்புகளை மாற்றி எழுதும் வேளையில் மின்சாரம் நின்றால் பொறி எழாமற் போகலாம். எனினும் அதனோடு வரும் நூற்றுவீத எண்ணிக்கை அத்துணை உறுதியானதன்று. எண் முப்பதில் நெடுநேரம் நிற்கும். பின் தொண்ணூறுக்குத் தாவும். நூறு என்றபின் மீண்டும் சுழியத்தில் தொடங்குவதும் உண்டு. எண் கழிந்த காலத்தைச் சுட்டவில்லை, முடிந்த படிகளைச் சுட்டுகிறது. படிகளோ ஒரே நீளத்தன அல்ல. படிப்பவர் அதனைக் காலமாகவே கொள்கிறார். இத்தகைய முன்னேற்றக் காட்டிகளை மக்கள் விரும்புகின்றனர் என்பதை 1985இலேயே பிராட் மையர்ஸ் என்னும் ஆய்வாளர் காட்டியிருக்கிறார். இருளில் நடப்பவர்க்குத் தவறான கைகாட்டியும் ஓர் ஆறுதல் போலும்.

இந்த ஏவலுக்கு மக்கள் கீழ்ப்படிவதைத் தீயோரும் அறிந்துகொண்டனர். 2016 ஆகஸ்டில் கண்டறியப்பட்ட 'பேண்டம்' என்னும் பணயத் தீநிரல், விண்டோஸ் புதுப்பிக்கப்படுகிறது என்ற போலித் திரையை முழுமையாக விரித்துக்கொண்டு, அதன்பின்னே உரியவரின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பூட்டிற்று. நூற்றுவீத எண்ணும் அதே அழகில் ஏறிற்று. அணைக்க வேண்டாம் என்னும் பழக்கத்தால் பார்த்துக்கொண்டிருந்தவரின் பொறுமையே அங்கு திருடர்க்குத் துணையாயிற்று.

உறுதிமொழிகளும் உண்டு. விண்டோஸ் 10க்கு மாறியவர் பலரை 2015இல் வரவேற்ற வாசகங்களுள் ஒன்று, உங்கள் கோப்புகள் அனைத்தும் நீங்கள் விட்ட இடத்திலேயே உள்ளன என்பது. கேளாத போது தரப்படும் உறுதிமொழிக்கு ஓர் அச்சமூட்டும் இயல்பு உண்டு. அவ்வாசகம் பலரது எள்ளலுக்கு ஆளானதில் வியப்பில்லை. 2018 அக்டோபர் 2ஆம் நாள் வெளிவந்த 1809 என்னும் பதிப்பு, கோப்புறைகளை வேறிடத்துக்கு மாற்றி வைத்திருந்த சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் மெய்யாகவே அழித்துவிட்டது. நான்கு நாளில் நிறுவனம் அப்பதிப்பை நிறுத்திற்று. திருத்தி மீண்டும் வெளியிட நவம்பர் 13 ஆயிற்று.

மைக்ரோசாப்ட்டை மட்டும் சுட்டுதல் முறையன்று. சொல்லாமல் விடுவதாலும் வழு நேரும் என்பதற்கு ஆப்பிள் நிறுவனத்தின் 2017 நிகழ்ச்சி சான்று. அவ்வாண்டு சனவரியில் ஐபோன்களுக்கு வந்த ஐ.ஓ.எஸ். 10.2.1 பதிப்பின் குறிப்பு, பிழைகள் திருத்தப்பட்டன, பாதுகாப்பு மேம்பட்டது என்ற அளவில் தொடங்கிற்று. மின்கலம் முதிர்ந்த பேசிகளின் வேகத்தை வேண்டியபோது குறைக்கும் ஒழுங்கும் அப்பதிப்பில் இருந்ததை மக்கள் தெளிவாக அறிந்தது அவ்வாண்டு டிசம்பரில். திடீரென அணைந்துபோகாமல் காப்பதே நோக்கம் என்றது நிறுவனம், அந்நோக்கம் தீயதன்று. ஆனால் தம் பேசி ஏன் தளர்ந்தது என்று அறியாதவர், புது மின்கலத்தால் தீர்ந்திருக்கக்கூடியதற்குப் புதுப் பேசியே வாங்க நேர்ந்திருக்கலாம். இத்தாலியின் போட்டி ஆணையம் 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், புதுப்பிப்புகள் தொடர்பான இதே போன்ற குற்றத்திற்காகச் சாம்சங் நிறுவனத்துக்கு 50 இலட்சம் யூரோவும் தண்டம் விதித்தது. பிரான்சு 2020 பிப்ரவரியில் ஆப்பிளிடமிருந்து 2.5 கோடி யூரோ பெற்றது. பிரான்சின் குற்றச்சாட்டு வேகத்தைக் குறைத்தமை பற்றியதன்று, அறிவிக்காமை பற்றியது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. சொல்லாத சொல்லுக்குச் சட்டம் விலை குறித்த அரிய இடங்களுள் இது ஒன்று.

கட்டற்ற மென்பொருளாகிய லினக்சின் பக்கத்திலும் மயக்கங்கள் உண்டு. உபுண்டுவில் புதுப்பிப்பு ஆணையிட்டவர்க்குச் சில பொதிகள் 'நிறுத்தி வைக்கப்பட்டன' என்று நெடுங்காலம் செய்தி வந்தது. ஏன், எவரால் என்ற விளக்கம் இல்லை. தம் பொறி பழுதுற்றதோ என அஞ்சியவர் பலர். புதியதைச் சிலருக்கு முதலில் தந்து தீங்கில்லை எனக் கண்டபின் ஏனையோர்க்குத் தரும் படிமுறை வழங்கலே பலபொழுது காரணமாயிருந்தது. பின்வந்த பதிப்புகளில் அவ்வரி 'படிமுறை வழங்கலால் தள்ளிவைக்கப்பட்டன' எனத் திருந்தியது. காரணத்தைக் காட்டும் ஓர் 'ஆல்' உருபு சேர்ந்தது, அச்சம் நீங்கியது. மூன்றாம் வேற்றுமைக்கு இத்துணை ஆற்றலா என்று மாணவர் கேட்டால் காட்டத்தக்க எடுத்துக்காட்டு.

மறுதலையான நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. 2021 நவம்பரில், கனடா நாட்டின் புகழ்பெற்ற கணிப்பொறி ஒளிக்காட்சியாளர் ஒருவர் 'பாப்' என்னும் லினக்சுப் பதிப்பில் ஒரு விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். நிறுவுதலையும் புதுப்பித்தலையும் செய்யும் கருவி, இதனால் இன்றியமையாப் பகுதிகள் நீங்கும், இது தீங்கு விளைக்கக்கூடும், தொடர வேண்டுமாயின் 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்னும் தொடரை முழுமையாகத் தட்டச்சிடுக என்றது. அவர் தட்டச்சிட்டார். திரைமுகப்பு முழுவதும் அழிந்தது. ஈண்டுக் கருவி உண்மையே சொன்னது. செவ்வன் இறையாகவே சொன்னது. எனினும் பொதிப்பெயர்களின் நீண்ட அடுக்கிற்குக் கீழே அச்செய்தி கிடந்தது. ஒன்றும் ஆகாத எச்சரிக்கைகளை ஆயிரம் முறை கடந்து வந்த கண், மெய்யான எச்சரிக்கையையும் அவ்வாறே கடந்தது. ஏனைய கருவிகள் பேசிய வீண்சொற்களின் விலையை இக்கருவி கொடுத்தது என்றும் கூறலாம்.

எல்லாப் பொய்யும் தீதோ என்னும் வினா எழக்கூடும். 2013இல் எய்டன் அடார் முதலிய மூவர் கணிப்பொறியின் நன்மை கருதிய ஏமாற்று பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டனர். வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறளை அறிந்தவர்க்கு அக்கருத்துப் புதிதன்று. ஆனால் வள்ளுவர் அங்கே நன்மைக்கு ஓர் அடையும் சேர்த்தே நிறுத்தினார். குற்றம் தீர்ந்த நன்மையே அவர் கருதியது. பயனர் பதறாதிருக்க முன்னேற்றக் கோட்டைச் சீராக நகர்த்துதல் அவ்வளவையில் தப்பலாம். மறுத்தவரை இசைந்தவராக்குதல் தப்பாது.

இதனைச் சிறு எரிச்சல் என்று ஒதுக்க முடியாமைக்குக் காரணம் உண்டு. 2017 மார்ச்சு 14ஆம் நாள் மைக்ரோசாப்ட் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. இரண்டு திங்களுக்குள், மே 12ஆம் நாள், அத்திருத்தம் அடைத்த அதே ஓட்டை வழியாக 'வான்னாகிரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிற்று. இங்கிலாந்தின் மருத்துவ அறக்கட்டளைகள் 236இல் குறைந்தது 80 பாதிப்புற்றன. நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். திருத்தத்தை ஏற்காதிருந்ததற்குக் காரணங்கள் பல. பழைய கருவிகள், ஆள் இன்மை, அக்கறை இன்மை. ஆயினும் புதுப்பிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே ஐயுறும் மனநிலையை முந்தைய ஓராண்டு முழுதும் வளர்த்துவிட்டு, மறு ஆண்டு அதே சொல்லை உயிர் காக்கும் சொல்லாக நம்பச் சொல்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு.

தமிழில் இச்செய்திகளைப் பெயர்ப்போர்க்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. விண்டோசுக்கும் லினக்சுக்கும் தமிழ் முகப்புகள் உள்ளன. ஆங்கிலத்தில் வினைமுதலை மறைக்கச் செயப்பாட்டுவினையைத் தேடவேண்டும். தமிழிலோ தோன்றா எழுவாய் இயல்பாகவே உண்டு. 'பிழை ஏற்பட்டது', 'நிறுவ இயலவில்லை' என்றால் இலக்கணம் குறை சொல்லாது. மறைத்தல் தமிழில் மிக எளிது. மேலும் 'ஏதோ தவறு நடந்துவிட்டது' எனப் பெயர்த்தால், கணிப்பொறிக்குப் புதியவரான முதியவர் ஒருவர் அதனைத் தம் தவறு என்றே கொள்வார். தவறு என்னும் சொல்லில் தவறியவர் ஒருவர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். கோளாறு என்பதில் அவ்வாறில்லை. தடங்கல் என்பது இன்னும் விலகி நிற்கும். இம்மூன்றுள் எதனை இடுவது என்று தேர்பவர், மூலச் செய்தி சொல்லாமல் விட்ட ஒன்றைத் தாம் முடிவு செய்யவேண்டியவர் ஆகிறார். யார் செய்தது என்பது அவர்க்கும் தெரியாது.

அண்மைச் செய்திகள் இரண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்தது. நீட்டித்த பாதுகாப்புக்குப் பதிவு செய்திருந்த சில பொறிகளும், இன்னும் பல ஆண்டு ஆதரவு உடைய சில பதிப்புகளும், தம் ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிக்கத் தொடங்கின. அது தவறான அறிவிப்பு, அப்பொறிகளுக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று நிறுவனம் விளக்கம் தர நேர்ந்தது.

மற்றொன்று 'புதுப்பித்து அணைக்க' என்னும் பொத்தானைப் பற்றியது. பெயரில் இரண்டு வினைகள் உள்ளன. ஒன்று எச்சம், ஒன்று முற்று. இரவில் அதனை அழுத்திவிட்டு உறங்கச் சென்ற பலர் காலையில் பொறி விழித்தே இருக்கக் கண்டனர். புதுப்பித்தது, அணையவில்லை, மீண்டும் தொடங்கி அமர்ந்திருந்தது. நெடுநாளைய இக்குறையை விண்டோஸ் 11க்கு 2025 அக்டோபர் இறுதியில் வந்த முன்னோட்டப் புதுப்பிப்பு தீர்த்தது. அதன் குறிப்பில் இதற்கென ஒரு வரி இருக்கிறது. புதுப்பித்து அணைக்க என்பதைத் தேர்ந்தபின் பொறி அணையாமல் இருக்கச் செய்த அடிப்படைச் சிக்கல் தீர்க்கப்பட்டது என்பது அவ்வரி. அச்சிக்கல் யாது என்பது அதில் இல்லை.